நாற்பத்திரண்டாவது கழுத்து

வெடிக்கிறது. ஒன்று. உடனே இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்து.

நான் தரையில் கிடக்கிறேன். சீமெந்துத் தரை. கைகள் காதுகளில். யாரும் படு என்று சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்துவிட்டது. வன்னியில் பழகிய உடம்பு. அறுபத்தாறு வயதிலும் மறக்கவில்லை.

எனக்கு முன்னால் இரும்புக் கதவு. சுருண்டு மேலே ஏறுகிற வகை. மின்சாரம் போய்விட்டது. கதவு முழங்கால் உயரத்தில் நிற்கிறது. அந்த இடைவெளியால் புகை வருகிறது. குளிர் வருகிறது. புளித்த மாவின் வாசம் வருகிறது. உள்ளே முருகேசன் இருக்கிறான்.

"தம்பி, விட்டிட்டு வா! எல்லாத்தையும் விட்டிட்டு வாடா!"

"வர்றேன்யா! இன்னும் நாலஞ்சுதான் கெடக்கு!"

"முருகா! யல்லா! பாஹர்! பாஹர் ஆ!" வெளியே வா என்று கத்துவது சுபைர் பாய். எங்கள் மேற்பார்வையாளர். பெஷாவர்க்காரர். கதவின் கைச்சங்கிலியைப் பிடித்துத் தொங்குகிறார். சங்கிலி அசையவில்லை.

முருகேசன் உள்ளே எதைப் பொறுக்கிக்கொண்டிருந்தான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

இடம் வளைகுடா நாட்டில் உள்ள ஜெபல் அலி. துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கிடங்குகளில் ஒன்று. நான் அங்கே சரக்குக் கணக்குப் பார்ப்பவன். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தேன். அரிசி, சீனி, மண்ணெண்ணெய். எண்ணுவது எனக்குத் தொழில். தொழில் பழக்கமாகி, பழக்கம் வியாதியாகிவிட்டது என்று மகள் சொல்வாள். சரியாக இருக்கலாம். படி ஏறினாலும் எண்ணுவேன்.

கிடங்கின் பின்பாதி குளிரறை. பன்னிரண்டு பாகை. அதற்கு மேல் போகக் கூடாது. அங்கே இருந்ததெல்லாம் ஷாம்பெயின். பிரான்ஸிலிருந்து கப்பலில் வரும். இங்கிருந்து ஹோட்டல்களுக்கும் விமானங்களுக்கும் போகும். சுங்கம் கட்டாத சரக்கு. ஆகவே ஒரு போத்தல் உடைந்தால், உடைந்தது என்று வாயால் சொன்னால் போதாது. கழுத்தைக் காட்ட வேண்டும். போத்தலின் கழுத்து. தக்கை, தக்கையை இறுக்கிக் கட்டிய கம்பிக்கூடு, அதற்கு மேல் தங்கத்தாள். மூன்றும் கலையாமல் இருக்க வேண்டும். கழுத்து இருந்தால் போத்தல் உடைந்தது. கழுத்து இல்லாவிட்டால் யாரோ எடுத்தது.

மது காணாமற்போவது இந்த நாட்டில் சின்ன விசயம் இல்லை. போன வருடம் மூன்று கழுத்துகள் குறைந்தன. உடைந்த கண்ணாடியோடு சேர்த்து யாரோ கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்தப் பகுதியில் அன்று வேலை செய்தவன் ஒரு நேபாளி. பகதூர். இரண்டு நாள் விசாரித்தார்கள். மூன்றாம் நாள் அவன் கட்டில் வெறுமையாக இருந்தது. திருடன் என்ற பெயரோடு போனான். அவன் வெற்றிலைகூடப் போடாதவன்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே பழக்கம். போத்தல் உடைந்தால் கையில் இரத்தம் வருகிறதா என்று பார்க்க மாட்டார்கள். முதலில் கழுத்தைத் தேடுவார்கள். அதற்கென்றே ஒரு நீல வாளி இருந்தது.

முருகேசன் முதுகுளத்தூர்ப் பக்கம். முப்பத்தொரு வயது. உயரமான தட்டுகளில் சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுபவன். ஆறு வருடமாக என் அறையில் கீழ்க்கட்டில். என்னைச் சிலோன் ஐயா என்பான். வாய் ஓயாது.

"ஐயா, எத்தனை ஆயிரம் பாட்டில் தூக்கி வச்சிருப்பேன்? ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. எங்கூர்ல போய்ச் சொன்னா எவனாவது நம்புவான்கிறீங்க?"

சுபைர் பாய் கையுறை போடாமல் அந்தப் பெட்டிகளைத் தொட மாட்டார். அவர் சொல்வார்: "தூ பியேகா, போலீஸ். மை பியூங்கா, தோஸக்." நீ குடித்தால் போலீஸ், நான் குடித்தால் நரகம்.

"சாச்சா குடிச்சா?" என்று என்னைக் காட்டுவான் முருகேசன்.

"சாச்சா பியேகா நஹி. கினேகா." சாச்சா குடிக்க மாட்டார், எண்ணுவார்.

சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பிரெஞ்சுப் பெண் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தாள். இந்தப் போத்தல்களை எப்படிக் கையாள வேண்டும் என்று. அவள் ஊர் ரெய்ம்ஸ். அப்படி எழுதி, ரான்ஸ் என்று வாசிக்கிறார்கள். ஷாம்பெயின் என்பது முதலில் அந்தப் பிரதேசத்தின் பெயர். பிறகுதான் மதுவின் பெயர். பாரிசுக்குக் கிழக்கே, குளிர் நிலம். மேலே திராட்சை. கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லைக் குடைந்து மைல் கணக்கில் பாதாளம் வைத்திருக்கிறார்கள். போத்தலுக்குள்ளேயே மது இரண்டாம் தரம் நொதிக்கும். அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. கார்ச் சக்கரத்துக்குள் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் என்றாள். அதனால்தான் கண்ணாடி அவ்வளவு தடிப்பு. அதனால்தான் தக்கைக்குக் கம்பிக்கட்டு.

பழைய காலத்தில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளதும் வெடிக்குமாம். அதைப் பார்த்து அடுத்தது. பாதாளத்தில் வேலை செய்தவர்கள் முகத்தில் இரும்புக்கம்பி மூடி போட்டுக்கொண்டுதான் இறங்குவார்களாம். படம் காட்டினாள். முருகேசன், "மாட்டுக்குக் கட்டுற வாய்க்கூடு மாதிரி இருக்குய்யா" என்றான். எங்களுக்கு பிளாஸ்டிக் முகமூடி தந்தார்கள். கண்ணாடி போல. வெளி வெயிலிலிருந்து குளிரறைக்குள் போனால் மூச்சுப் பட்டு உடனே மங்கும். ஒன்றும் தெரியாது. நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டால்தான் பெட்டியின் இலக்கம் வாசிக்கலாம். எல்லோரும் தூக்கித்தான் வைத்திருந்தார்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். முதலாம் உலகப் போரில் அந்த நகரத்தின்மேல் வருடக்கணக்காக ஷெல் விழுந்தது. சனங்கள் பாதாளத்துக்குள் இறங்கினார்கள். மதுப்போத்தல்களுக்கு நடுவில் சமைத்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஷெல் விழும்போதே மேலே போய்த் திராட்சை பறித்தார்கள். பறிக்கப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பவில்லை.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

சரியாகத் தெரியாது என்றாள்.

அது எனக்கு ஆறவில்லை. நூறு வருடம் கடந்தும் தெரியாதா? பறிக்கப்பட்ட திராட்சைக்குக் கணக்கு இருந்திருக்கும். அந்த வருடத்து மதுவுக்குக் கணக்கு இருந்திருக்கும்.

எங்கள் பதுங்குகுழியில் கல் இல்லை. மணல். மழைக்கு இடியும். சாக்கு முடிந்துபோனதால் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தோம். என் மனைவியின் கூறைச்சேலை நான்கு மூட்டை ஆனது. அரக்குச் சிவப்பு. சரிகைக்கரை. அந்த நான்கும் வாசல் பக்கம் அடுக்கியிருந்தன. ஷெல் வாசல் பக்கம் விழுந்தது. மனைவி வாசலில் இருந்தாள். மகன் அவளுக்குப் பக்கத்தில். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். மகளை என்னோடு கூட்டிப் போயிருந்தேன். பிறகு முகாமில் ஒருவர் பெயர் எழுத வந்தார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். முன்பு எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

போர் எங்களுடையது அல்ல. ஏவுகணைகள் எங்களுக்கு மேலால் போகின்றன. சில இரவுகளாக வானத்தில் வெளிச்சம். காலையில் எல்லோரும் வேலைக்குப் போகிறோம். ஊரிலிருந்து தொலைபேசியில் அழுகிறார்கள். இங்கே ஒன்றுமில்லை என்கிறோம். முருகேசனின் மகளுக்கு நான்கு வயது. அவள் திரையில், "அப்பா, பட்டாசா?" என்று கேட்டாள். "ஆமா பாப்பா, இங்க டெய்லி தீவாளி" என்றான்.

மாலை மூன்றரை. குளிரறைக்கு வெளியே என் மேசை. நானும் சுபைர் பாயும் அங்கே. முருகேசன் உள்ளே, வண்டியில். ஒரு அடுக்கைத் தூக்கி மூன்றாம் தட்டு உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தான்.

எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. என்னுடையது, சுபைர் பாயுடையது, மேசையில் சார்ஜில் கிடந்த முருகேசனுடையது. அந்த எச்சரிக்கை ஒலிக்கு ஒரு பல் இருக்கிறது. எலும்பில் கடிக்கும். பிறகு மேலே ஒரு இடி. எனக்குத் தெரிந்த இடி இல்லை. ஷெல்லுக்கு முன்னால் ஒரு கூவல் வரும், எண்ணலாம். இதற்குக் கூவல் இல்லை. வானத்தில் எதையோ வழிமறித்து உடைத்தார்கள். உடைந்ததன் ஒரு துண்டு பக்கத்துக் கிடங்கின் கூரையில் விழுந்தது. அங்கே அட்டைப்பெட்டிகள். தரை ஒரு தடவை குதித்தது. விளக்குகள் போயின. குளிரூட்டியின் இரைச்சல் நின்றது. நான் அந்த இரைச்சலை அதுவரை கேட்டதே இல்லை. நின்ற பிறகுதான் கேட்டது.

உள்ளே வண்டியிலிருந்த அடுக்கு சரிந்தது. மேல்வரிசை எட்டுப் பெட்டிகள் கீழே. ஒரு பெட்டியில் ஆறு. நாற்பத்தெட்டுப் போத்தல்கள். ஒரு பெட்டி எப்படியோ நிமிர்ந்து விழுந்து தப்பியது. மிச்சம் நாற்பத்திரண்டு. பாதி விழுந்த உடனே வெடித்தன. பாதி கிடந்து, உருண்டு, யோசித்து யோசித்து வெடித்தன.

"முருகா! ஜிந்தா ஹை?" உயிரோடு இருக்கிறாயா என்று சுபைர் பாய் கத்தினார்.

"ஜிந்தாதான் பாய்! காலுல லேசாக் கீறல்!"

சுபைர் பாய் சங்கிலியை இழுத்தார். கதவு ஏறியது. முழங்கால் உயரத்தில் சிக்கியது. அதிர்ச்சியில் அதன் தடம் வளைந்துவிட்டது. இன்னொரு கதவு பின்சுவரில். அதற்கு அப்பால் பக்கத்துக் கிடங்கு. அது எரிகிறது.

நான் படுத்து உள்ளே பார்த்தேன். அவன் கைத்தொலைபேசிகூட இல்லாமல் இருட்டில். கதவடி வெளிச்சம் மட்டும். முகமூடியை இறக்கிவிட்டு நீல வாளியோடு குனிந்திருக்கிறான். பொறுக்குகிறான்.

இந்தக் கதையை நான் தொடங்கியது இங்கேதான்.

"விட்டிட்டு வாடா!"

"விட்டுட்டு வந்தா நாளைக்கு எவன்யா நம்புவான்? கரண்ட் போச்சு, கேமரா போச்சு. பகதூருக்கு என்ன நடந்துச்சு?"

அவன் சொன்னது சரி. அதுதான் கொடுமை. பின்சுவர் சூடேறுவது எனக்கு மணத்தது. பெயின்ட் கருகும் மணம். அந்தச் சுவரை ஒட்டி ஐந்து தட்டு உயரத்துக்குப் போத்தல்கள். பன்னிரண்டு பாகையில் இருக்க வேண்டியவை.

"செவர் பக்கம் பார்! சூடாகுது! வெடிக்கப் போகுது!"

"எண்ணிட்டேன்யா! நாப்பது! இன்னும் ரெண்டுதான்!"

எண்ணுகிறான். என் பழக்கம். அந்த இருட்டில் அவனுக்குப் பிடித்துக்கொண்டது.

இடைவெளிக்குள் நான் நுழையப் பார்த்தேன். தோள் போனது. முழங்கால் மடங்கவில்லை. சுபைர் பாய் என் பெல்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவருடைய உடம்பு அந்த இடைவெளியில் தலைகூட நுழையாத உடம்பு. இரண்டு ஆண்கள். ஒருவன் கிழவன். ஒருவன் பருமன். நாங்கள் கத்தினோம். எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மூன்று மொழிகளில் கத்தினோம்.

"கிடைச்சிருச்சுய்யா! நாப்பத்திரண்டு!"

அவன் ஓடி வருகிறான். கால் சத்தம். கண்ணாடி நொறுங்கும் சத்தம். படுக்கிறான். முதலில் வாளி வருகிறது. குவியலாக, தங்கத்தாள் பளபளக்க. நான் வாளியை வாங்கி ஒதுக்கி வைக்கிறேன். பிறகு அவன் தலை. முகமூடி கதவின் விளிம்பில் இடிக்கிறது. அதைக் கழற்றி எறிகிறான். முகம் வெளியே வந்துவிட்டது. கழுத்து வெளியே. ஒரு தோள் வெளியே. வியர்த்துச் சிரிக்கிறான்.

"எண்ணிப் பாத்துக்கங்க சிலோன் ஐயா."

அவன் கை வாளியில் பட்டது. குவியலின் உச்சியிலிருந்து ஒன்று சரிந்தது. தரையில் விழுந்து உருண்டது. குளிரறையின் தரை உள்பக்கம் சாய்வு. கழுவும் தண்ணீர் வடிய வேண்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். வாசல்வரை அந்தச் சாய்வு. கழுத்து அவன் கன்னத்தை ஒட்டி உருண்டு உள்ளே போனது.

"ஐயோ, ஒண்ணு போகுதுய்யா."

அவன் தலையை உள்ளே இழுத்தான். திரும்பினான். நான் அவன் சட்டைக் கொலரைப் பிடித்தேன். பிடித்தேன் என்றே நினைக்கிறேன். என் விரல்களில் ஒரு பொத்தான் இருந்தது பிறகு.

அப்போது சுவர்த்தட்டு வெடித்தது.

ஒன்று இல்லை. இரண்டு இல்லை. எண்ண முடியவில்லை. ஆயுளில் முதல் தடவையாக என்னால் எண்ண முடியவில்லை. ஒன்று அடுத்ததை எழுப்பியது. அந்தப் பெண் சொன்ன மாதிரியே. துவக்குச் சூடு போல வந்து, பிறகு மழை போல ஆகி, பிறகு ஒரே நீளமான கண்ணாடிச் சத்தம். இடைவெளியால் நுரை பீறிட்டது. என் முகத்தில் அடித்தது. வாய்க்குள் போனது. பச்சை ஆப்பிளின் புளிப்பு. அதன் பின்னால் உப்பு. உப்பு அந்த மதுவில் இல்லாதது. ஷாம்பெயின் என் நாக்கில் பட்டது அந்த ஒரு தடவைதான்.

கையை உள்ளே விட்டோம். சுபைர் பாய்க்கு ஒரு கை கிடைத்தது. எனக்கு ஒரு கை. இழுத்தோம். வந்தான். உயிரோடு வந்தான். கத்தவில்லை.

"ஐயா, வெளக்கு வந்துருச்சா?"

வெளியே பகல். கிடங்கின் பெரிய வாசலால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லைத் தம்பி. இன்னும் வரேல்லை."

சுபைர் பாய் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் முகத்தில் சுற்றினார். அது நனைந்திருந்தது. அந்த மது படக்கூடாது என்று கையுறை போட்டவர். தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். வாளியை நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அவன் கையில் இருந்தது. விட்டுவர முடியவில்லை.

எங்களுக்குப் பின்னால் கூரை இறங்கியது.

மருத்துவமனையில் வலது கண்ணை எடுத்தார்கள். இடது கண்ணை விட்டிருக்கிறார்கள். அதில் வெளிச்சம் ஏறவில்லை. நான்காம் நாள் பேச விட்டார்கள். கட்டுப் போட்ட முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"அந்த ஒண்ணு கிடைச்சுச்சாய்யா?"

"கிடைச்சது தம்பி."

"அப்ப நாப்பத்திரண்டும் சரியா இருக்கு."

"சரியா இருக்கு."

"கொண்டுபோய்க் காட்டிருங்க. பாய் பேருக்கும் பழி வந்துரக் கூடாது."

கொண்டுபோனேன். கம்பனி அலுவலகத்துக்கு. வாளியை மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். அங்கே இருந்த பையன் என்ன இது என்று கேட்டான். சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. அவனுடைய மேலாளர் வந்தார். நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் தந்தார். தீயில் போன சரக்குக்குக் கழுத்து தேவையில்லை என்றார். முழுக் கிடங்கும் ஒரே வரியில் எழுதி முடிந்தது, சுங்கமும் ஏற்றுக்கொண்டது என்றார். எப்போது என்று கேட்டேன். அடுத்த நாள் காலையே என்றார்.

"நீங்கள் எல்லோரும் வெளியே வந்ததே பெரிது" என்றார்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் முருகேசனை அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில். சுபைர் பாய் வாசல்வரை தள்ளிப் போனார். "முருகா, அடுத்த தடவை நீ சும்மா இரு. சாச்சா எண்ணட்டும்" என்றார். முருகேசன் சிரித்தான். சுபைர் பாய் சிரிக்கவில்லை. அவருக்கும் எனக்கும் வேலை முடிந்தது. இப்போது சார்ஜாவில், முவைலாவில், மகள் வீட்டில் இருக்கிறேன். விசா முடியும்வரை. வாளி பால்கனியில் இருக்கிறது. பேரன் தங்கத்தாள் கேட்டான். கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் முருகேசன் பேசுவான். அவன் மகள் தொலைபேசியை அழுத்திக் கொடுப்பாள். ஊர்ப் புதினம் சொல்வான். பிறகு ஒன்று கேட்பான். எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

"ஐயா, அவங்க எண்ணிப் பாத்தாங்கள்ல?"

"பாத்தாங்கள்."

"ஒண்ணும் சொல்லலையே?"

"சரியா இருக்கு எண்டு சொன்னாங்கள் தம்பி."

"அது போதும்யா."

அந்தப் பிரெஞ்சுப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்வியை யாராவது ஒருநாள் எங்களைப் பற்றிக் கேட்கலாம். சரியாகத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் எழுதிவைக்கிறேன்.

வன்னியில் எனக்கு மனைவி ஒன்று. மகன் ஒன்று. நான்கு மண்மூட்டையாகப் போன ஒரு கூறைச்சேலை.

ஜெபல் அலியில் ஒரு கிடங்கு. அதிலிருந்த போத்தல்கள் எல்லாம். நிமிர்ந்து விழுந்து தப்பிய அந்த ஆறும். ஒரு தலைத்துண்டு. மூன்று பேரின் வேலை.

முருகேசனின் கண்கள், இரண்டு.

வாளியில் கழுத்துகள் நாற்பத்தொன்று. நேற்றும் எண்ணினேன்.

குறைவது ஒன்று.

கேட்டவர்கள் இல்லை.